சுவருக்கு மரச்சட்டை! கரையானுக்கு விருந்து ஆகலாமா?

பூந்தமல்லியை அடுத்து ஓர் ஊர். பெயர் கரையான்சாவடி.

பெயரிலேயே கரையான் இருக்கிறது! ஆனால், கரையான் அந்த ஊருக்கு மட்டும் சொந்தம் அல்ல. மண் உள்ள இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊர்தான்.

இந்தப் பக்கத்தில் ஒருவர் புது வீடு கட்டி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் பணம் மிச்சம். "கூடத்துச் சுவருக்கு மரப்பலகை அடித்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே! மேலேயும் பலகை அடித்துவிடலாமே!" என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள்.

உடனே தச்சரிடம் போகிறார். "அண்ணே, எந்த மரம் போடலாம்?" என்று கேட்கிறார்.

நல்ல தச்சர் மரத்தின் பெயரைச் சொல்லமாட்டார். "முதலில் சுவரைக் காட்டுங்க, சார்" என்பார்.

ஏன் தெரியுமா? பலகை அடித்த பிறகு சுவர் கண்ணுக்குத் தெரியாது. அதன் பின்னால் நடப்பதும் தெரியாது. கரையானுக்கு வேண்டியது அதுதான். இருட்டு, ஈரம், மரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது வேறு எங்கே போகும்?

அரண்மனை சொல்லும் பாடம்

"மரம் என்றாலே கரையான்தானா?" என்று கேட்கலாம். இல்லை!

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1601-ம் ஆண்டு வாக்கில் தொடங்கப்பட்டது. 18-ம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா மன்னர் காலத்தில் விரிவாக்கப்பட்டது. எங்கே திரும்பினாலும் மர வேலைதான். பூமுகம் என்னும் முன்மண்டபத்தின் மேற்கூரையில் 90 வகைப் பூக்களை மரத்தில் செதுக்கி இருக்கிறார்கள்.

இத்தனை காலம் அது நிற்பது எப்படி?

நல்ல மரம் என்பது ஒரு காரணம். அது மட்டும் போதாது. மழைத் தண்ணீர் சுவரில் படாதபடி ஓட்டுக்கூரை சரிந்து இறங்கி வெளியே நீண்டிருக்கிறது. சாய்வான மரச் சட்டங்களின் வழியே காற்று உள்ளே வந்து போகிறது. மேற்கூரை மரத்தை நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறது.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளும் அப்படித்தான். பர்மாவில் இருந்து தேக்கு கப்பலில் வந்தது. ஆனால், அந்த வீடுகள் தரையில் இருந்து நன்றாக உயர்த்திக் கட்டப்பட்டவை. நடுவே திறந்த முற்றம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பஞ்சம் இல்லை.

ஈரம் படாத மரம், காற்று படும் மரம், கண்ணில் படும் மரம். இந்த மூன்றும்தான் பெரியவர்களின் ரகசியம்.

சுவருக்கு ஒரு சோதனை

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மற்ற நாட்களிலும் கடல் காற்றில் ஈரம் உண்டு. ஆகவே, சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இதற்குச் செலவே இல்லை. ஓர் அடி சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை எடுங்கள். சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டும் நாடாவால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை பலகையை நினைக்கவே வேண்டாம்.

மேலே பலகை அடிப்பதற்கு முன்பு மொட்டை மாடியைப் பாருங்கள். ஒழுக்கு இருந்தால் பலகை அதை மறைக்கும். நிறுத்தாது!

குளியல் அறையை ஒட்டிய சுவரும், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் பலகைக்கு ஏற்றவை அல்ல. வீட்டின் நடுவே உள்ள உள்சுவரே நல்லது.

எந்த மரம்?

இனி மரத்துக்கு வரலாம்.

தேக்குதான் ராஜா. அதன் உடம்பிலேயே கரையானுக்குப் பிடிக்காத பொருள் இருக்கிறது. ஆனால் ஒன்று: அது வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். ஓரத்தில் வெளுத்துத் தெரியும் பகுதியைக் கரையான் தின்றுவிடும். "தேக்கு" என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். பலகையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஓடினால் தள்ளுங்கள்.

பலாவின் வைரமும் நல்லது. மஞ்சள் நிறம் வீட்டுக்கு அழகு. மாமரம் மலிவு. ஆனால், பூச்சிக்கு அது கரும்பு!

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். 100 பங்கில் சுமார் 12 பங்கு ஈரம் இருக்கலாம். பச்சை மரத்தை அடித்தால் பின்னால் சுருங்கும். இடைவெளி விழும்.

தேக்குக்குப் பணம் இல்லையா? பிளைவுட் இருக்கிறது. அதில் ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளைவுட் தண்ணீருக்குத் தாங்கும். அதன் பசையைக் கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கிறார்கள். எம்.டி.எப். பலகை மழமழவென்று இருக்கும். விலையும் குறைவு. ஆனால், சாதாரண எம்.டி.எப். தண்ணீர் பட்டால் ஊதிவிடும். பி.வி.சி. பலகையைக் கரையான் தின்னாது. ஆனால், அது பிளாஸ்டிக். தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும்.

கணக்கும் வேண்டும்

10 அடி நீளம், 9 அடி உயரமுள்ள ஒரு சுவர். மொத்தம் 90 சதுர அடி. ஒரு பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. அதாவது 32 சதுர அடி. மூன்று பலகை என்றால் 96 சதுர அடி. போதும் போலத் தோன்றும். வெட்டுக் கழிவு இருக்கிறதே! நான்காகக் கணக்குப் போடுங்கள்.

பணம் போதவில்லை என்றால், ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் 3 அடி உயரத்துக்கு அடிக்கலாம். 30 சதுர அடியோடு முடிந்துவிடும். அழகுக்கு அதுவே போதும். நகையை அடகு வைத்து நான்கு சுவருக்கும் பலகை அடிக்க வேண்டியது இல்லை.

அடிக்கும் முறை

பலகையை நேராகச் சுவரில் ஒட்டக்கூடாது. முதலில் மருந்து பூசிய மரச் சட்டங்களை அடிக்க வேண்டும். அதன்மேல் பலகை. பின்னால் காற்று ஓட, மேலும் கீழும் சிறு இடைவெளி வேண்டும்.

பலகை தரையைத் தொடக்கூடாது. கீழே 4 அங்குலத்துக்குக் கல்லோ, டைல்ஸோ பதியுங்கள். மண்ணில் இருந்து வரும் கரையான், மண்பாதை கட்டித்தான் ஏறும். அந்தப் பாதை கல்லின்மேல் வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பலகைக்குப் பின்னால் போகும் மின்சார ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள். சாமி விளக்கைப் பலகைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று: ஒரு பலகையையாவது ஆணி அடிக்காமல், திருகாணி போட்டுக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். மழை முடிந்து தை பிறந்ததும் அதைக் கழற்றிப் பாருங்கள். மற்ற பலகைகளை விரலால் தட்டிப் பாருங்கள். கல்லென்று கேட்டால் கவலை இல்லை. பொள்ளென்று கேட்டால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். ஊர் கரையான்சாவடியாக இருக்கலாம். வீட்டுச் சுவர் கரையானுக்குச் சாவடி ஆகிவிடக் கூடாது!