வண்டி ஏன் கொதிக்கிறது?

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்லும் மலைப்பாதையில் கோடைக் காலத்தில் பயணம் செய்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய கார் ஒன்று ஓரமாக நிற்கும். உள்ளிருந்து ஆவி எழும்பும். ஓட்டுநர் குடத்தோடு தண்ணீர் தேடிப் போயிருப்பார். தண்ணீர் ஊற்றியதும் வண்டி புறப்பட்டுவிடும். ஆகவே தண்ணீர்க் குறைவுதான் நோய், தண்ணீர்தான் மருந்து என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். தண்ணீர் ஏன் குறைந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு, நாம் வகுப்பில் படிக்கும் வெப்பவியலே பெரும்பாலும் விடை சொல்லிவிடும் என்பதை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

என் பெரியப்பாவிடம் 1986ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதனாலேயே இந்த வண்டிக்கு ஒரு மவுசு. திருமணங்களுக்கும், பழைய காரில் உதகை பார்க்க வேண்டும் என்று வருவோருக்கும் வாடகைக்குப் போகிறது. அவர் குடும்ப வருமானத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 33 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும். அதில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது கால் பங்கு அளவே. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 மெகாஜூல், எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போகிறது என்று கொள்ளலாம். தண்ணீர் 8 லிட்டர் என்றும், வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 85 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரை 100 டிகிரிக்கு உயர்த்த அரை மெகாஜூலே போதும். ரேடியேட்டர் முற்றிலும் வேலை செய்யாவிட்டால் அரை கிலோமீட்டரில் அந்த வெப்பம் சேர்ந்துவிடும்! எஞ்சினின் இரும்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பதால் ஒரு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முள் சிவப்பைத் தொட்ட பிறகு, "அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, யாரும் பொருட்படுத்தாத ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடியன்று; சுருள்வில் வைத்த அழுத்த வால்வு. அதில் 7 என்று பொறித்திருந்தால், வெளியழுத்தத்தைவிடச் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு கூடுதல் அழுத்தம் வரை அது தாங்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் அல்லவா? சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அந்த மூடியின் கீழ் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. உதகை சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் 106 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாமலே வண்டி மலையில் கொதிக்கும். ஆகவே செலவு குறைந்த இந்த உறுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி பெரியப்பாவின் வண்டிக்கு வருகிறேன். சென்ற சித்திரையில் தொல்லை தொடங்கியது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார்கள். மற்றொரு பட்டறையில், ஹெட்டைக் கழற்றி எஞ்சினை முழுவதும் பிரித்தாக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியை விற்றுவிடலாம் என்றே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "எப்பங்க பெரியப்பா சூடு ஏறுது? நிக்கறப்பவா, ஓடறப்பவா?"

"நின்னா ஒண்ணும் ஆகறதில்ல கண்ணு. கல்லாறு தாண்டி ஏத்தம் புடிச்சாத்தான் ஏறுது. கோயமுத்தூர் ரோட்டுல கொஞ்சம் விரட்டினாலும் ஏறுது."

என் கருத்தில், நோயைக் கண்டறிவதில் பாதி வேலை இந்தப் பதிலிலேயே முடிந்துவிடுகிறது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் குறை காற்றில் இருக்கிறது: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கில் பூச்சியும் மண்ணும் அடைந்திருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை ஈடு செய்துவிடுகிறது. மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலும் வேகத்திலும் சூடேறினால் தண்ணீரோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிறிது வெப்பத்தைக் கடத்த முடிகிறது, பெருவெப்பத்தைக் கடத்த முடியவில்லை என்பது அதன் பொருள். (டைமிங் பின்தங்கியிருந்தாலும் இப்படி நேரலாம், எரிதல் தாமதித்து, வெப்பம் சுவர்களுக்கு மிகுதியாகப் போகும். அதையும் பார்த்தோம், சரியாக இருந்தது.) திடீரென்று சூடேறி, கூடவே டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கும் எரிந்தால் யோசிக்கவே வேண்டாம். டைனமோ, ஃபேன், வாட்டர் பம்ப் மூன்றையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்திருக்கும்.

எஞ்சின் நன்கு சூடான பின் பெரியப்பாவை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு, ஃபேனுக்கு எட்ட நின்று ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கவனித்தேன். வேகம் கூடக்கூட, உறிஞ்சும்போது கன்னம் ஒட்டுவதுபோல் அந்த ஹோஸ் உள்வாங்கியது. பம்ப் இழுக்கிறது; ரேடியேட்டரால் அந்த அளவுக்குத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டரின் முகப்பை விரலால் தடவிப் பார்த்தோம். சில இடங்கள் சுட்டன. நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சூடே இல்லை. வெந்நீர் போகாத குழாய்கள் அவை.

ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியைப் பிரித்தபோது, பாதிக் குழாய்களின் வாயில் வெண்காரை படிந்திருந்தது. பல ஆண்டுகளாக ஊற்றிய போர்த் தண்ணீரின் உப்பு அது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதும் இதுவேதான். குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுத்து, மீண்டும் ஈயம் வைத்து மூடினார்கள். இளகிப்போன கீழ் ஹோஸையும் மாற்றினோம். பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தபோது முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு செந்நிறத் துருச்சேறு வந்தது. பம்ப்புக்கு எட்டத்தில் இருக்கும் பின் சிலிண்டரைச் சுற்றித்தான் இந்தச் சேறு தங்கும். இப்போது காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்துதான் ஊற்றுகிறார். எஞ்சின் பிரிக்கப்படவில்லை, வண்டியும் விற்கப்படவில்லை.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கழற்றி எறிவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது இறுகி மூடிக்கொண்டால் வண்டி கொதிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதை அறிய எளிய வழி உண்டு: எஞ்சின் சூடாகியும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். சந்தேகம் இருந்தால் கழற்றித் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பார்க்கலாம். பெரியப்பாவுக்கு வாங்கிய புதிய தெர்மோஸ்டாட்டை எங்கள் துறை ஆய்வகத்தில் பீக்கரில் போட்டுச் சோதித்தோம். அதில் 82 என்று பொறித்திருந்தது. 81 டிகிரியில் இமை திறப்பதுபோல் மெல்லத் திறந்து, 95 டிகிரியை நெருங்கும்போது முழுதும் திறந்தது. அது இல்லாத வண்டி உதகைக் குளிரில் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. பெட்ரோல் வீணாகும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும், சிலிண்டரும் தேயும்.

ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் சான்று கேளுங்கள். ஆயில் குச்சியில் மோர் போன்ற நுரை, குளிர்ந்த எஞ்சினைத் திறந்த மூடியோடு இயக்கியதும் ரேடியேட்டர் வாயில் ஓயாத குமிழி, சைலன்சரில் நிற்காத வெண்புகை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாதபோது எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டியதில்லை.

வழியில் கொதித்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு மூடியைத் தொடாமல் இருங்கள். உள்ளே 105 டிகிரியில் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்ததும் 100 டிகிரிக்கு இறங்க வேண்டும். அந்த 5 டிகிரி வெப்பம் நூற்றில் ஒரு பங்குத் தண்ணீரை ஆவியாக்கப் போதுமானது. 8 லிட்டரில் அது 80 கிராம்தான். ஆனால் ஆவியானால் 130 லிட்டருக்கு மேல் விரியும். அவ்வளவும் அந்தச் சிறிய வாய் வழியாக முகத்துக்கு நேரே கொதிநீரைத் தள்ளிக்கொண்டு வரும். அரை மணி நேரமாவது பொறுத்து, கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, துணி போட்டு முதல் படி வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை விட வேண்டும். ஊற்றும் தண்ணீரையும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். சுட்ட வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் பிளாக்கே வெடித்துவிடக்கூடும். இன்னொன்று: முள் சிவப்புக்குப் போய்விட்டுத் தானாகக் கீழே இறங்கினால் மகிழ வேண்டாம். உணர்கருவியை நனைக்கும் அளவுக்குக்கூட உள்ளே தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம்.