சுருங்கிய மூச்சுவழி

பப்பாசி இலைக் காம்பைக் குழலாக்கி அதன் வழியே மூச்சு வாங்கிச் சிறுவர்கள் விளையாடுவதுண்டு. பருத்த காம்பில் தொல்லையில்லை. மெல்லிய காம்பில் நெஞ்சு முட்டுகிறது. குழலின் விட்டம் பாதியாகக் குறைந்தால், சீராக ஓடும் காற்றுக்கு அது தரும் தடை இருமடங்கன்று, 16 மடங்காகும். தொண்டைக்குக் கீழுள்ள மூச்சுக்குழல் சுருங்கியவரின் துன்பத்தை இக்கணக்கே விளக்கிவிடும்.

இச்சுருக்கம் எவ்வாறு நேர்கிறது? வியப்பென்னவெனில், பெரும்பாலும் உயிர் காத்த சிகிச்சையே அதற்குக் காரணம். அறுகம்பேயை அடுத்த பொத்துவில் முதல் கல்முனை வரை நீளும் நெல்வயல்களில், காவல்வாடியின் வெறுந்தரையில் உறங்குபவரை இரவில் கட்டுவிரியன் தீண்டினால், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து கொடுத்தும் அத்தசைகள் உடனே மீள்வதில்லை. நாட்கணக்கில் தொண்டைக்குள் குழாய் செலுத்திப் பொறியால் சுவாசம் அளிக்க வேண்டும். பூச்சிகொல்லி நஞ்சருந்தியோர்க்கும் இதுவே வழி. குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பை மிகையாக ஊதப்பட்டால், மூச்சுக்குழலின் உட்தோலுக்கு இரத்தோட்டம் நின்று புண்ணாகிறது. புண் ஆறும்போது தழும்பு இறுகிச் சுருங்குகிறது.

நோயாளி வீடு திரும்பிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரே இளைப்புத் தோன்றும். பலர் இதனை ஆஸ்துமா என்றெண்ணி மருந்துறிஞ்சியை நாடுகின்றனர்; பயன் காணார். ஆஸ்துமாவில் மூச்சு விடும்போது விசில் ஒலி மிகுதி. இதிலோ மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்ற ஓசை எழும். முன்னர் பொறியில் இருந்தவர் அச்செய்தியை வைத்தியரிடம் மறவாமற் கூறுதல் வேண்டும். அந்த ஒரு சொல் பல மாத அலைச்சலைத் தவிர்க்கக்கூடும்.

சிகிச்சையின் நெடுங்காலப் பலனுக்கு வருவோம். பலூனால் விரித்தல் எளியது. அன்றே மூச்சு தெளியும். ஆயினும் தழும்பு மீண்டும் இறுகும் இயல்புடையது. சுருங்கிய பகுதியையே வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைப்பது பெருஞ் சத்திரசிகிச்சை. பொஸ்டன் நகரில் ஹேர்மிஸ் கிரில்லோவும் உடன் வைத்தியர்களும், குழாயால் நேர்ந்த சுருக்கத்துக்கு இவ்வாறு சிகிச்சை பெற்ற 503 பேரின் கணக்கை 1995 இல் வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர் நல்ல அல்லது திருப்தியான பலன் பெற்றனர். 12 பேர் இறந்தனர்.

காரணம் புலப்படாமல், ஏறத்தாழ முற்றாகப் பெண்களிடமே காணும் வேறொரு வகைச் சுருக்கமும் உண்டு. அவ்வகையினர் 810 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளுள் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டோர், விரித்தல் பெற்றவருள் நூற்றுக்கு 28. வெட்டி இணைத்தவருள் ஒருவர் அளவே.

அப்படியாயின் அனைவருக்கும் வெட்டி இணைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதே ஆய்வில், வெட்டி இணைத்தவர்களின் குரல் ஏனையோரினும் குறைந்திருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்பவருக்கும், வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் குரல் சிறிய பொருளன்று. அவர்கள் ஆண்டுக்கொருமுறை விரித்துக்கொண்டு வாழ்வதையே தேர்ந்தால், அதனைப் பேதைமை என்று நான் சொல்லமாட்டேன்.

கடற்றொழிலாளியின் கணக்கோ வேறு. எச்சிகிச்சையும் கைகூடாதவருக்குக் கழுத்தில் துளையிட்டு நிலையான குழாய் பொருத்துவர். மூச்சு நன்றாயிருக்கும், வீட்டில் நடமாடலாம், குழாயை நாள்தோறும் துப்புரவாக்கினால் பல்லாண்டு வாழலாம். ஆனால் அவர் வள்ளத்திலிருந்து தவறி விழுந்தால், வாயையும் மூக்கையும் இறுக மூடினாலும், கடல்நீர் கழுத்துத் துளைவழியே நேராக நுரையீரலுட் செல்லும். கரைவலை இழுக்க இடுப்பளவு நீரில் இறங்கினாலும், ஓர் அலை போதும். அவரளவில் குழாய் அகற்றப்படுவதென்பது மீண்டும் தொழிலுக்குப் போவதாகும். அதற்காகக் குரலிற் சிறிது குறைவதை அவர் பொருட்படுத்தாதிருக்கலாம்.