சாவி யார் கையில்?

கொங்கு மண்ணில் இரண்டாவது வீடு என்றால் பலருக்கும் முதலில் ஊட்டி, கோத்தகிரி பங்களாக்கள்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணமும் உண்டு. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் கட்டத் தொடங்கிய கல் வீடுதான் அங்கே எழுந்த முதல் ஐரோப்பியக் குடியிருப்பு. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஆனால் மலைமேல் பங்களா வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தோட்டத்தில் ஒன்று, டவுனில் ஒன்று என்று இரண்டு வீட்டோடு வாழ்ந்த குடியானவக் குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களில் எது முதல் வீடு, எது இரண்டாவது வீடு என்பது இரண்டு தலைமுறைக்குள் தலைகீழாகிவிட்டது.

அன்று டவுன் வீடுதான் இரண்டாவது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கோவையைச் சுற்றி மில்களும் பின்னாலேயே பம்புசெட்டுப் பட்டறைகளும் பெருகியபோது, கையில் காசு புரண்ட விவசாயிகள் டவுனில் வீடு பிடித்தார்கள். பிள்ளைகள் படிப்புக்காக ஒரு பாட்டியோ அத்தையோ அங்கே அடுப்பு மூட்டினார்கள். அரிசியும் பருப்பும் தேங்காயும் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போயின. சனிக்கிழமை ஆனால் பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நல்லது கெட்டது எல்லாம் தோட்டத்து வீட்டு வாசலில்தான் நடந்தன.

கொங்கு நாட்டில் பல விவசாயிகள் ஊர்த் தெருவில் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்துக்கு நடுவே கிணறும் கட்டுத்தறியும் களமும் சேர்ந்த சாளை. அக்கம்பக்கம் என்றால் அடுத்த தோட்டம்தான். ஆள் இருக்கும் வரை இந்தத் தனிமை ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆள் இருந்ததாலேயே வீட்டுப் பராமரிப்பு என்று தனியாக ஒரு வேலையும் இல்லை. தினமும் விறகடுப்பு எரிந்தது. அந்தப் புகை கூரை மரத்தில் பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டது. தினமும் வாசல் கூட்டிச் சாணி தெளித்தார்கள்; சுவரோரம் கரையான் மண் ஏறினால் அன்றைக்கே கண்ணில் பட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடித்து நான்கு ஓடு நழுவினால், சாயங்காலத்துக்குள் ஏணி வைத்துச் சரிசெய்தார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. வீட்டுக்காரர் டவுனுக்குப் போன நாட்களில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் பண்ணையாள் குடும்பம். அவர்களில் மிகுதியானவர்கள் அருந்ததியர். வருடக் கணக்குக்குப் பேசிய கூலி, அதில் ஒரு பகுதி தானியம், முன்பணக் கடனில் கட்டுண்ட வாழ்க்கை, ஆடு மாடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்கள். இரவு பகலாகக் காத்த வீட்டின் கூடமான ஆசாரத்தில் அவர்கள் கால் வைக்க முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. மில் வேலையும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் அவர்களுக்கு வேறு வழியைத் திறந்துவிட்டன. "பண்ணையத்துக்கு ஆளே கிடைக்கறதில்லீங்க" என்று இன்று அலுத்துக்கொள்கிறவர்கள், அந்த ஆட்கள் ஏன் போனார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இன்று தோட்டத்து வீடுதான் இரண்டாவது. மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில், வயதான பெற்றோர் சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடியில். சாளைக்குப் போவது பொங்கலுக்கும் குலதெய்வக் கோயில் விசேஷத்துக்கும்தான்.

தூரத்திலிருந்து செய்ய முடிகிற வேலைகள் பெருகியிருப்பது உண்மை. அன்று டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த சேதி இன்று நொடியில் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் இருந்தால் கிணற்று மோட்டாரைப் பெங்களூரிலிருந்தே ஓடவிடலாம். வீட்டு வரி, மின்கட்டணம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாமே இணையத்தில் முடிகின்றன. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அறிவித்த பிறகு, பூட்டிய வீட்டுக்கு மின்செலவும் பெரிதாக இல்லை. வருமான வரியும் இளகியிருக்கிறது. முன்பெல்லாம் சொந்தக் குடியிருப்பு என்று ஒரு வீட்டைத்தான் காட்ட முடியும். இரண்டாவது வீடு காலியாகக் கிடந்தாலும் வாடகை வந்ததாகவே கணக்கிட்டு வரி போட்டார்கள். 2019 பட்ஜெட்டுக்குப் பிறகு இரண்டு வீடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இவை அனைத்தும் தாளிலோ போனிலோ முடிகிற வேலைகள். கல்லும் மரமும் ஓடுமாக நிற்கிற வீட்டுக்கு இன்னும் ஆள்தான் வேண்டும். ஓடு பறப்பதைக் கண்காணிப்புக் கேமரா காட்டும். அதை எடுத்து மாற்றாது. மாதக்கணக்கில் ஓடாத மோட்டார் இறுகிப்போகும். இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர் வற்றிச் சாகும். எலி வயரைக் கடித்தால் முதலில் போவது அந்தக் கேமராதான். தொண்டாமுத்தூர், தடாகம் பக்கத்து அடிவாரத் தோட்டங்களில் அரிசி வாசம் பிடித்து வரும் யானை சமையலறைச் சுவரையே தள்ளிவிட்டுப் போகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூப்பிட்டு "தம்பி, மேக்காலச் செவுத்துல செல்லு ஏறியிருக்குதுங்க" என்று சொல்லும்போது கதவு நிலை பாதி போயிருக்கும்.

காவலின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி. இவை பூட்டிக் கிடந்த வீடுகள் அல்ல, ஆள் இருந்த வீடுகள். சுற்றிலும் உள்ள சாளைகள் ஒவ்வொன்றாகக் காலியாகும்போது, கடைசியாக மிஞ்சி இருப்பவர்களின் சத்தம் யார் காதுக்கும் எட்டுவதில்லை. நாம் பூட்டிவிட்டு வருகிற வீடு பக்கத்துத் தோட்டத்தாரின் பாதுகாப்பையும் குறைக்கிறது.

பண்ணையாள் இருந்த இடத்துக்கு இன்று பல தோட்டங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பதிகள் வந்திருக்கிறார்கள். சாவி அவர்கள் கையில். அவர்களுக்குத் தங்க மோட்டார் ரூமும் மாதச் சம்பளமும் கிடைக்கின்றன. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடைப்பதில்லை. ஆளே இல்லாத சாளையைவிட இது மேல். ஆனால் எந்த நிமிடமும் வெளியேற்றப்படக்கூடிய ஒருவர், வீட்டைத் தன் பொறுப்பாக நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்?

பாகம் இன்னொரு சிக்கல். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. அது நியாயம், தாமதமாக வந்த நியாயம். ஆனால் நான்கு நாட்டில் நான்கு பங்குதாரர் இருக்கிற, பிரிக்காத வீட்டுக்கு ஓடு மாற்றும் செலவை யார் கொடுப்பது என்று முடிவாவதற்குள் கூரை இறங்கிவிடும்.

அதனால் தோட்டத்து வீட்டை வைத்திருக்கிறவர்கள் நாலு காரியம் செய்தாக வேண்டும். பங்காளிகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பேசி, செலவுக்கு ஒரு பொதுக் கணக்கைத் தொடங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் கொடுங்கள். வெளிநாட்டில் கையெழுத்தான அந்தப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். வாடகைக்கு விட்டால் எழுத்தில் விடுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் நியாயமான சம்பளமும், வாழத் தகுந்த அறையும், தேங்காய் வருமானத்தில் ஒரு பங்கும் கொடுங்கள்.

இதில் ஒன்றுமே முடியாது என்றால், அந்த மண்ணில் குடியிருந்து உழப்போகிற ஒருவருக்குக் குத்தகைக்கோ விலைக்கோ கொடுத்துவிடுங்கள். இடிந்து விழும்வரை பூட்டி வைத்திருப்பதில் பெரியவர்களுக்கு எந்த மரியாதையும் இல்லை.