மலாக்கா மதிலும் மழை சமைத்த கல்லும்

பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு புறப்பட்டு, ஆயர் கெரோ வழியாக மலாக்காவை அடைகின்றவர்கள், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் சந்தியாகோ வாயிலின் முன்பு படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், அவ்வாயில் எந்தக் கல்லால் ஆயது என்பதையும் சற்றே உற்று நோக்குவார்களானால், சரித்திரமும் பூமி சாஸ்திரமும் ஒரே இடத்தில் கூடியிருப்பதைப் பிரத்தியட்சமாகக் காண்பார்கள்.

1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கே, ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி எழுப்பிய ‘அ ஃபமோசா’ கோட்டை, காலப்போக்கில் குன்றையே மதிலால் வளைத்துக்கொண்டு, ஆலயங்களும் மருத்துவசாலையும் வீடுகளும் அடங்கிய நகரமாக விரிந்தது. அம்மதிலுக்கு உதவிய கற்களுள் முக்கியமானது செம்பூராங்கல்.

கருங்கல் பூமியின் உள்வெப்பத்தில் உருகி உறைந்து உண்டாவது. செம்பூராங்கல்லோ வெயிலாலும் மழையாலும் உண்டாவது. உஷ்ணப் பிரதேசங்களில் பாறைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைகின்றபோது, கால்சியம், பொட்டாசியம் முதலிய எளிதில் கரையும் சத்துக்களும், அவற்றைத் தொடர்ந்து சிலிக்காவின் பெரும்பகுதியும் மழைநீரோடு போய்விட, கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்ஸைடுகளாக எஞ்சி, மண்ணுக்குச் செந்நிறம் ஊட்டுகின்றன. நிலத்தடியில் ஈரத்தோடு இருக்கும்வரை கருவி கொண்டு எளிதாகச் செதுக்கத்தக்க மென்மையுடைய இப்பொருள், வெட்டியெடுத்து உலர விட்டதும், இரும்பு ஆக்ஸைடுகள் படிகங்களாகப் பின்னிக்கொள்ள, பின்பு எத்தனை மழை பெய்தாலும் பழைய மென்மைக்குத் திரும்பாத கல்லாகிவிடுகிறது. சூளையும் விறகும் வேண்டாத செங்கல் என்றே இதனைச் சொல்லலாம். கேரளத்து வீடுகளின் வெட்டுக்கல்லும், கம்போடியாவின் அங்கோர் ஆலயங்களின் அடித்தளக் கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

நம்மவர்க்கு இது அந்நியமான விஷயமன்று. சிலாங்கூரின் மேட்டு நிலத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர் விடியற்காலையில் மிதித்து நடந்த செம்மண்ணும் இதே ரசாயனத்தின் விளைவு. சத்தையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போன காரணத்தினாலேயே, அத்தகைய நிலங்கள் ஓயாமல் உரம் கேட்கின்றன.

இக்கல்லின் வரலாற்றில் 1807 விசேஷமான ஆண்டாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகிய பிரான்சிஸ் புக்கானன், மலபாரின் அங்காடிப்புரத்தருகே தாம் கண்ட இக்கல்லுக்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டு விவரித்த நூல் லண்டனில் வெளிவந்தது அவ்வாண்டில்தான். போர்த்துக்கீசியருக்குப் பின் மலாக்காவை ஆண்ட டச்சுக்காரரிடமிருந்து 1795-இல் தன் வசமான அந்நகரைத் திருப்பிக் கொடுக்க நேருமாயின், பலமான கோட்டையோடு கொடுக்கலாகாது என்று கருதிய அதே கம்பெனி, தன் அதிகாரி வில்லியம் ஃபார்குவாரைக் கொண்டு மதிலை வெடிமருந்தால் தகர்த்ததும் அவ்வாண்டில்தான். அறியும் முயற்சியும் அழிக்கும் முயற்சியும் ஒரே ஸ்தாபனத்தின் பெயரால் நடந்தன. மலாக்காவில் பிறந்து, இளமையில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, அவ்விடிப்பின் கோரத்தைத் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். கம்பெனியின் மற்றோர் அதிகாரியான ராஃபிள்ஸ் தலையிட்டதனால் காப்பாற்றப்பட்டதாகக் கூறப்படும் சந்தியாகோ வாயிலின் முகப்பில், டச்சுக்காரர் பொறித்த 1670 என்னும் ஆண்டை இன்றும் காணலாம்.

முன்னாளில் கடலோரத்தில் நின்ற கோட்டைக்கும் அலைகளுக்கும் இடையே, இன்று மண் கொட்டி உயர்த்திய நிலமும் அதன்மேல் கடைத்தொகுதிகளும் பரந்து கிடக்கின்றன. 2006-இல் ஒரு சுழல் கோபுரத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது, கோட்டையின் புதைந்து கிடந்த மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட, கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தைப் புதுப்பித்தனர்.

ஆகையால், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், வென்றவர் பெயரையும் தோற்றவர் பெயரையும் சொல்வதோடு அமையாது, கல்லின் நிறத்தையும் துளைகளையும் சுட்டிக்காட்டி, இம்மண்ணின் மழையே இக்கல்லைச் செய்தது என்று விளக்க வேண்டும். பாடப்புத்தகங்களில் தனித்தனியே கிடக்கும் ரசாயனமும் சரித்திரமும் தங்கள் நாட்டு மண்ணைப் பற்றிய ஒரே கல்வி என்பதை, அப்பிள்ளைகள் அப்போது தாமே அறிந்துகொள்வார்கள்.