ஆறு பேர் ஆட பத்து பேர் வேண்டும்: வீட்டு போக்கர் குழு கலையாமல் இருக்க என்ன வழி?

“மச்சி, ரிலீஸ் இருக்கு, இன்னைக்கு வரல.” “ஊர்ல இருந்து அம்மா வந்திருக்காங்கடா.” சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் இப்படி நாலு மெசேஜ் வந்தால் அன்றைய போக்கர் ஆட்டம் காலி. மூன்று வாரம் தொடர்ந்தால் குழுவே காலி.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. செயலியில் எதிராளி நொடியில் கிடைத்தார். வீட்டு மேசைக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

எத்தனை பேரை அழைப்பது?

ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் ஐந்து வாரத்தில் நான்கு வாரம் தவறாமல் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் ஆறு பேரும் ஒன்றாகச் சேர்வது ஏறத்தாழ நான்கில் ஒரு வாரம்தான். அதே பழக்கமுள்ள பத்து பேர் இருந்தால், ஆறு பேராவது சேரும் வாய்ப்பு சுமார் 97 சதவீதம். பத்து பேரும் வந்துவிட்டாலும் கவலையில்லை. டெக்சாஸ் ஹோல்டமில் ஒரே மேசையில் பத்து பேர் ஆடலாம்.

பணம் வைக்கலாமா?

வேண்டாம். வீட்டை ஆட்டத்துக்குக் கொடுத்து லாபம் பார்ப்பவர் மீது 1930-ம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பாயும். அதைவிட, கடன் வைத்த நண்பர் அடுத்த வாரம் வர மாட்டார்.

ஆனால் பணம் இல்லையென்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆல் இன்’ போவார்களே? அதற்கும் வழி உண்டு. எல்லோருக்கும் சம அளவு சில்லுகள், தீர்ந்தால் வெளியே. மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளிப் பட்டியல். கடைசி இடம் பிடித்தவர் எல்லோருக்கும் டிபன் செய்து போட வேண்டும். சில்லுக்கு மதிப்பு தானாக வந்துவிடும்.

யார் முதலில் விலகுவார்?

புதியவர்தான். எட்டரைக்கே தோற்றுவிட்டு, பதினொன்று வரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர் மறுபடி ஏன் வரப்போகிறார்? ஒரு நீண்ட ஆட்டத்துக்குப் பதில் இரண்டு குட்டி ஆட்டங்கள் வையுங்கள். எந்தக் கை பெரியது என்ற பட்டியலை அவர் பக்கத்தில் வையுங்கள். “இதுக்குப் போய் கால் பண்ணுவியா?” என்ற வகுப்பு மட்டும் வேண்டாம்.

கடைசியாக, நாளை வாராவாரம் ஓட்டெடுப்பில் முடிவு செய்யாதீர்கள். மாதத்தின் முதல், மூன்றாம் சனி என்றால் அதுதான். முடியும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள்; வீட்டில் அனுமதி கேட்க அதுதான் உதவும். ஹாரி ட்ரூமன் அமெரிக்க அதிபராக இருந்தபோதே நண்பர்களோடு போக்கர் ஆட நேரம் ஒதுக்கியவர். ரிலீஸ் வேலை அதைவிடப் பெரிதாக இருக்காது!