மாடி ஏறுகிறது, தெரு அகலவில்லை

2017 மே 31 அதிகாலை சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பற்றிய தீ ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழ, மிச்சத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. கடை திறக்காத நேரம் என்பதால் உள்ளே கூட்டம் இல்லை. அதற்கு முன்பே, 2008 செப்டம்பரில், பக்கத்து ரங்கநாதன் தெருவில் ஒரு கடை எரிந்து ஊழியர்கள் இருவர் இறந்திருந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தெருவில் ஒருமுறை நடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1920-களில் வீடுகளுக்காக உருவாக்கப்பட்ட பகுதி தி.நகர். வீட்டு மனைகளில் கடைகள் எழுந்தன, கடைகள் மேல்நோக்கி வளர்ந்தன. தெரு மட்டும் அப்படியே இருக்கிறது.

கட்டட உயரத்துக்கு விதிக்கும் வரம்பு அழகுக்காக வந்ததல்ல. சென்னையில் 15.25 மீட்டரைத் தாண்டினால் 'அடுக்குமாடி' என்று முன்பு கணக்கிட்டார்கள். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அந்த வரம்பை 18.30 மீட்டராக்கின. அதற்கு மேல் போகலாம், தடையில்லை. ஆனால் முன்னால் அகலமான சாலை வேண்டும். நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். அந்த 7 மீட்டரில்தான் தீயணைப்பு வண்டி சுற்றி வரும், ஏணியை நிமிர்த்தும். உயரம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூட வேண்டும்.

விதி இருந்தும் ஏன் இந்த நிலை? மீறியவர்களுக்கு அரசே வழி திறந்துவிட்டதுதான் காரணம். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பணம் கட்டினால் விதிமீறலை வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். ஒரே ஒரு முறைக்கான சலுகை என்பதால் 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சலுகையோ நீண்டுகொண்டே போனது. அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு விலக்கு கேட்க அது இடம் தந்தது. அனுமதி வாங்கி, இடம் விட்டு, அளவாகக் கட்டியவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? நேர்மையாக நடந்தவருக்கு நட்டம், மீறியவருக்கு ரசீது.

தி.நகரில் ஒரு கிரவுண்டு நிலத்தின் விலை தெரியுமா, மேலே கட்டாமல் எப்படிக் கட்டுப்படியாகும் என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு விடை அகலமான சாலைகளில் இருக்கிறது. பெருஞ்சாலை ஓரம் உயரமாகக் கட்டட்டும். அங்கே தளப்பரப்பை இன்னும் தாராளமாகக் கொடுத்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஆளும் ஆளும் உரசிக்கொண்டு போகும் தெருவில் எட்டாவது மாடிக்கு எந்த நியாயமும் இல்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியும் கட்டி முடித்த கட்டடத்துக்குச் சீல் வைப்பதைவிட, அனுமதியில்லாத முதல் தளத்துக்குக் கான்கிரீட் போடும் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். இன்னொரு வரன்முறைத் திட்டம் என்ற பேச்சையே அரசு எடுக்கக் கூடாது.