இடம் மாறிய வீடுகள்

ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது நின்று கவனித்திருக்கிறீர்களா? செங்கற்சுவர் கடப்பாரைக்கு இரையாகிறது. சுண்ணாம்புக் காரை தூளாகிறது. ஆனால் தூண், உத்திரம், கைமரம், நிலை, கதவு ஆகியவற்றை மட்டும் யாரும் உடைப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக அடுக்குகிறார்கள். பிறகு அவை கன அடிக் கணக்கில் விலையாகின்றன. செட்டிநாட்டில் பர்மாத் தேக்கினால் இழைத்த வீடுகள் பலவற்றின் கதையும் இதுவே. தூண் ஒரு விடுதிக்கும் நிலை வேறொரு மாளிகைக்கும் போனபின் மரம் இருக்கும், வீடு இராது.

கழற்றியதை மீண்டும் பூட்டி வீடாகவே நிறுத்த முடியாதா? முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் சென்றால் இதைக் கண்ணால் காணலாம். கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீடு, துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு, மறுபடி எழுப்பப்பட்டு நிற்கிறது. செட்டிநாட்டு வீடொன்றும் அவ்வாறே வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் இம்முயற்சி இன்னும் பழையது. ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1891இல் ஆர்தர் ஹாசீலியஸ் என்பவர் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். முழு மரங்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் வைத்துப் பிணைத்த குளிர்நாட்டு வீடுகளை அவர் பல ஊர்களிலிருந்து பெயர்த்து வந்து அங்கே நிறுத்தினார்.

இதற்கு வழி செய்வது இணைப்பு முறைதான். ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதில் குடைந்த துளையில் செருகி, குறுக்கே ஒரு மர ஆணியை அடித்துவிடுகிறார் தச்சர். ஆணியைத் தட்டி எடுத்தால் இணைப்பு பிரிந்துவிடும். ஆனால் ஒரு நாக்கு அதற்கென்று குடைந்த துளையில்தான் சரியாக உட்காரும். பக்கத்துத் துளையில் உட்காராது. எனவே பிரிக்கும் முன்னர் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, அந்த எண்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எண் அழிந்தால் வீடு விறகுக் குவியலாகிவிடும்.

இனி, இதில் மறைந்துள்ள இயற்பியலைக் காண்போம். அண்ணாமலை நகரில் ஐப்பசி, கார்த்திகையில் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்ளும். சித்திரையில் தாமாகவே தளரும். மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால், மரத்தில் தங்கும் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 14 சதவீதம். 25 சதவீதமானால் ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஈரம் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது. ஆனால் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அன்று. இழையின் நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. ஆண்டு வளையத்தின் வழியே அது மிகுதி. ஆரத்தின் வழியே அதில் ஏறத்தாழப் பாதி. உருண்டை மரம் காயும்போது வெளியிலிருந்து நடுவை நோக்கிப் பிளப்பது இந்த வேறுபாட்டினாலேயே.

நின்ற தூணில் உயரம் என்பது இழையின் திசை. ஆகவே காய்ந்தாலும் தூண் குட்டையாவதில்லை. கிடையாக அடுக்கிய மரச் சுவரிலோ உயரம் இழைக்குக் குறுக்குத் திசை. பச்சை மரத்தால் 250 செ.மீ. உயரத்துக்கு எழுப்பிய சுவர், காய்ந்து முடிவதற்குள் 10 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்துவிடலாம். அதனால்தான் அந்நாட்டுத் தச்சர்கள் சன்னல் சட்டத்தின் மேலே இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். நூறாண்டு நின்ற வீட்டு மரமோ தன் சுருக்கத்தையெல்லாம் முன்பே முடித்துக்கொண்டது. புது மரத்தைவிடப் பழைய மரத்தை நம்பலாம் என்று தச்சர்கள் சொல்வது வெறும் பழைமைப் பற்று அன்று.

இந்தச் சேமிப்பு கரைவது வீடு துண்டுகளாகக் கிடக்கும் மாதங்களில்தான். கூரைக்கு அடியில் உலர்ந்திருந்த மரம் இப்போது மழையில் தரையோடு கிடக்கிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு. மண் தொட்டால் கறையானுக்கு விருந்து. நூறாண்டு கெடாதது இரண்டே மழைக்காலங்களில் கெட்டுப்போகலாம். தரையிலிருந்து உயர்த்தி, துண்டுகளுக்கிடையே குச்சி வைத்துக் காற்றோட விட்டு, மேலே கூரை போட்டு வைக்க வேண்டும். பணத்துக்காகவோ இடத்துக்காகவோ காத்திருந்து, பிரித்த வீட்டைத் திறந்த வெளியில் போடுவதைவிட, அதைப் பிரிக்காமலே விட்டுவைப்பது மேல் என்பது என் கருத்து.

கெட்ட துண்டை எப்படி அறிவது? தட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. நல்ல மரத்தில் இழையின் வழியே ஒலி வினாடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் ஓடும்; உளுத்த இடத்தில் அது தயங்குகிறது, ஓசையும் மொத்தென்று கேட்கிறது. உத்திரத்தின் மேற்பரப்பு உளுத்திருந்தால் முழு நீளத்துக்கும் இழைத்துத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உத்திரத்தின் வலிமை அதன் உயரத்தின் இருபடியைப் பொறுத்தது. 20 செ.மீ. உயரத்தில் 2 செ.மீ. குறைந்தால் வலிமை 19 சதவீதம் போய்விடும். வளையாமல் நிற்கும் விறைப்போ முப்படியைப் பொறுத்தது. அதில் 27 சதவீதம் இழப்பு. ஆகவே கெட்ட பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, அதே இன மரத்தை இழைத் திசை மாறாமல் ஒட்டுப் போடுகிறார்கள். தேக்குக்குத் தேக்கு, பலாவுக்குப் பலா. (பண்ருட்டிப் பலாவைப் பழத்துக்காக மட்டும் அறிந்தவர்கள், அதன் மஞ்சள் வைரம் கேரளத்தில் வீடுகளைத் தாங்கி நிற்பதையும் அறியவேண்டும்.)

மரத்தின் ஈரத்தை நீங்களும் அளக்கலாம். பழைய மரத்துண்டு ஒன்றை எடைபோடுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உலர் அடுப்பு இருந்தால், ஆசிரியரின் உதவியோடு 103 டிகிரி செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை வைத்து, மீண்டும் எடைபோடுங்கள். முதலில் 57 கிராம், பிறகு 50 கிராம் என்றால் இழந்த 7 கிராமை 50ஆல் வகுக்க வேண்டும். விடை 14 சதவீதம். ஒரே மரத்தில் அறுத்த துண்டுகளைக் கொண்டு பங்குனியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் செய்து, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.